மேஸ்திரியின் மகள் இறங்கிய தீவு

போர்ட் லூயி, மொரிஷியஸ்
24 நவம்பர் 2005

அப்பா,

"கப்பல் ஏறினா அதோட சரி. லெட்டர் கிட்டர் போட்டுக்கினு இருக்காதே" என்று மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னீர்கள். போடுகிறேன். படிக்காமல் கிழித்தெறிவது உங்கள் பாடு.

நன்றாக இருக்கிறேன். அத்தை மகன் அய்யனாரைக் கட்டிக்கொள்ளாமல் வந்ததற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிரம்மதேசத்தில் அத்தை கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.

கப்பலின் அடித்தட்டில் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. அங்கே ஜன்னல் கிடையாது. பயணிகள் கடலைப் பார்க்க வருகிறார்கள், நான் அவர்களுடைய படுக்கை விரிப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ ஊர்களில் கப்பல் நின்றும் இறங்க அனுமதி கிடைத்ததில்லை. இன்று காலை சூப்பர்வைசர் என் பெயரைச் சொல்லி, "சாயந்திரம் ஐந்து மணிக்குள் ஏறிவிட வேண்டும், உனக்காகக் கப்பல் நிற்காது" என்றார். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் துணிக்கடைக்குப் போனார்கள். நான் தனியாக பஸ் ஏறினேன். எங்கே போகிறது என்றுகூடக் கேட்கவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது, அது போதுமாக இருந்தது.

வழியெல்லாம் கரும்பு. நடுவே ஒரு முருகன் கோயில், நம் ஊர்க் கோபுரம் மாதிரியே, வர்ணம் மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கல். பஸ் மாறினேன். ஒரு மலை வந்தது, பல் முளைத்த மாதிரி கூராக. அதன் கீழே சவுக்குத் தோப்பு. தோப்பைத் தாண்டியதும் நான் எழுந்து நின்று கண்டக்டரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். வெளியே உப்பு குவிந்திருந்தது.

உப்பைப் பார்க்கக்கூடாது என்றுதானே இவ்வளவு தூரம் வந்தேன்? ஆனாலும் இறங்கினேன்.

அங்கே பாத்தியெல்லாம் கருங்கல். சதுரம் சதுரமாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். பெண்கள் வாரிக்கொண்டிருந்தார்கள். தலையில் பெரிய தொப்பி, தொப்பிமேல் கூடை. எல்லாருடைய காலிலும் முட்டிவரைக்கும் ரப்பர் பூட்ஸ். ஒருத்திகூட வெறுங்காலோடு இல்லை. நான் வரப்பில் நின்று அவர்கள் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வயதில் ஒருத்தி வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். பெயர் வீரம்மா. பெயரைத் தவிர அவளிடம் தமிழ் இல்லை. அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் கரும்பு வெட்டக் கப்பலில் வந்தவராம். அவளுக்கும் எனக்கும் அரைகுறை இங்கிலீஷ். எங்கள் ஊரிலும் இந்த வேலைதான், லீவு நாளில் நானும் செய்திருக்கிறேன் என்றேன். அவள் குனிந்து என் கணுக்காலைப் பார்த்தாள். அந்தக் கருத்த தழும்பு இன்னும் போகவில்லை.

"உங்கள் ஊரில் பூட்ஸ் இல்லையா?"

"இல்லை."

"ஏன்?"

அம்மாவின் குதிகால் புண்ணைப் பற்றிச் சொன்னேன். உப்புத் தண்ணீரில் வைக்காதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லியும் மறுநாளே அவள் இறங்கியதைச் சொன்னேன். அதற்குள் மற்ற பெண்களும் கூடையை வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். வீரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"யார் அவளை இறக்கிவிட்டது? உங்கள் மேஸ்திரி யார்?"

"என் அப்பா" என்றேன்.

வீரம்மா கூடாரத்துக்குள் போய் ஒரு ஜோடி பூட்ஸ் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். போட்டுக்கொண்டு இறங்கினேன். அப்பா, அந்தத் தண்ணீரில் கால் எரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உங்களுக்கும் தெரியாது. வெயில் ஏறுகிறவரை அவர்களோடு வாரினேன். வீரம்மா என் கை வேகத்தைப் பார்த்து, "அப்பனிடம் நன்றாகத்தான் கற்றிருக்கிறாய்" என்றாள். அவர்களுடைய சோற்றையே சாப்பிட்டேன். திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டேன். உப்பு லாரிக்காரர் ஒருவர் துறைமுகத்தில் கொண்டுவந்து விட்டார். ஏணியைத் தூக்குவதற்குக் கொஞ்சம் முன்புதான் ஏறினேன். சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டட்டும்.

வழியில் லாரியை நிறுத்தச் சொல்லி ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினேன். கப்பல் கிச்சனில் வேலை செய்யும் ஜான்சன் பொம்மையார்பாளையத்துக்காரர். மாசி மாதம் ஊருக்கு வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பூட்ஸ் அம்மாவுக்கு, கடிதம் உங்களுக்கு.

சந்தியா


மரக்காணம்
11 மார்ச் 2006

சந்தியாவுக்கு இருசப்பன் எழுதுவது.

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நீ ஊருக்கு முன்னால் பேசிவிட்டாய், அதனால் நானும் பேச வேண்டியிருக்கிறது.

அந்த ஜான்சன் வீட்டுக்கு வரவில்லை, நேராக உப்பளத்துக்கே வந்தான். நான் அப்போது முதலாளி சிவஞானத்தோடு மடையைப் பார்க்கப் போயிருந்தேன். உன் அம்மா எனக்கு வந்த கடிதத்தைப் பிரித்து, கூட வாருகிற அமுதவல்லியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் பத்தாவது வரை படித்த குரல். வேலிக்காத்தான் நிழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். நான் திரும்பி வந்தபோது ஒருத்தி பாக்கியில்லாமல் என் முகத்தைப் பார்த்தார்கள். "உங்கள் மேஸ்திரி யார்?" "என் அப்பா." கண்காணாத தீவில் போய் என் பெயரைக் கெடுத்தது போதாது என்று அதை ஊருக்கும் அனுப்பி வைத்தாய்.

நான் யார் என்று நினைத்தாய்? உப்பளம் என் பாட்டன் சொத்தா? மேலே குத்தகைக்காரர் சிவஞானம், கீழே வாருகிற பொம்பளைகள், நடுவில் வரப்புமேல் நிற்கிறவன் நான். இரண்டு பக்கத்துப் பேச்சையும் வாங்குகிறவன்.

நீ பார்த்தது கல். இங்கே இருப்பது களிமண். தண்ணீர் விடுவதற்கு முன்னால் வெறுங்காலால் மிதித்து மிதித்துத்தான் பாத்தியின் தரை இறுகுகிறது. அதன்மேல் ஒரு மெல்லிய தோல் மாதிரி படியும். பூட்ஸ் வைத்தால் அந்தத் தோல் கிழியும், சேறு மேலே வரும், உப்பு கருத்துப்போகும். பாத்தியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். மறுநாள் அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். கழற்று என்றேன். எல்லார் எதிரிலும் கேட்கிறாள்: "யாரு சொல்றது? மேஸ்திரி சொல்றாரா, எங்க வூட்டுக்காரர் சொல்றாரா?" நான் வாயைத் திறப்பதற்குள் இறங்கிவிட்டாள். நான் சொன்னதுதான் நடந்தது. அவள் நடந்த வழியெல்லாம் கறுப்புக் கறுப்பாக அடிச்சுவடு. சிவஞானம் பார்த்துவிட்டார். "இந்தம்மா கரையேறட்டும், இனிமே எறங்கத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டார். அவள் வரப்பில் உட்கார்ந்துகொண்டாள், பூட்ஸைக் கழற்றவில்லை. சாயந்திரம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அய்யனாருக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள். சந்தோஷப்படு.

இருசப்பன்


சிங்கப்பூர்
9 ஏப்ரல் 2006

அப்பா,

சந்தோஷப்பட்டேன். அய்யனாருக்கும் அவரைக் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் நல்லபடியாக அமையட்டும்.

கல்லும் களிமண்ணும் ஒன்றில்லை என்பதை யோசிக்காமல்தான் பூட்ஸ் அனுப்பினேன். நீங்கள் எழுதியதில் சரியானது அது ஒன்றுதான். மற்ற எதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் பெயரை நான் கெடுக்கவில்லை. மேஸ்திரி யார் என்று கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். வேறு யார் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும்?

பாத்தியின் தோல் கிழியும் என்று உங்களுக்குத் தெரிகிறது. அம்மாவின் காலிலும் தோல் இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. புண் ஆறியதா, இல்லையா? உங்களுக்குத் தெரியவில்லை என்றால் குனிந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எங்கள் கப்பலில் பயணிகளைக் கடலுக்குள் மீன் பார்க்கக் கூட்டிப்போகிற ஆட்கள் காலுறை மாதிரி ஒரு ரப்பரைப் போட்டுக்கொள்கிறார்கள். அடிப்பாகம் மெல்லிசு, கையால் மடக்கலாம். குதிகால் கிடையாது. போட்டுப் பார்த்தேன். மணலில் நடந்தால் வெறுங்கால் மாதிரியே தடம் விழுகிறது. அதை வரைந்து தனித்தாளில் அமுதவல்லிக்கு வைத்திருக்கிறேன். உங்களிடமே தங்கினால் அது முதலாளி வீட்டுக்குப் போய்விடும். அவளிடமே சேர்த்துவிடுங்கள். சேர்க்கமாட்டீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள், வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

நடுவில் நிற்கிறவன் என்கிறீர்கள். நடுவில் இல்லை அப்பா. வரப்புமேல் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள்.

சந்தியா


மரக்காணம்
28 மே 2006

சந்தியா,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு, கடிதத்தை அடுப்பில் போடத்தான் எடுத்துப் போனேன். உன் அம்மா அடுப்பங்கரையில் காலை நீட்டி உட்கார்ந்து புண்ணுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தேன். ஆறவில்லை. சின்ன விரலை உள்ளே விடலாம், அவ்வளவு ஆழம். ஒரே வீட்டில் இருந்தும் நான் பார்த்ததில்லை. அவளும் காட்டியதில்லை. "இப்ப இன்னாத்துக்குப் பாக்கற?" என்றாள்.

படத்தை அமுதவல்லியிடம் நானே கொடுத்தேன். கொடுத்ததும் திரும்பி வந்துவிட்டேன்.

அவர்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிற ஹபீப் முஹம்மதுவிடம் போயிருக்கிறார்கள். பழைய லாரி டியூபை வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற பசையாலேயே ஒட்டி, மேலே கணுக்காலில் கட்ட நாடா வைத்து ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். முதலில் செய்தது பிய்ந்துபோனது. அடுத்தது பிடித்துக்கொண்டது. ஓரத்துப் பாத்தியில் அமுதவல்லி அதைப் போட்டுக்கொண்டு நடந்து காட்டினாள். நான் தரையைக் கையால் தடவிப் பார்த்தேன். தோல் கிழியவில்லை. எல்லாருக்கும் செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சிவஞானம் வந்தார். உப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார், வெள்ளையாகத்தான் இருந்தது. "உப்பு கெடலீங்க" என்றேன். "உப்பப் பத்தி இல்ல இருசப்பா. இன்னிக்குக் காலுக்குக் கேப்பாங்க, நாளைக்குத் தலைக்குக் கேப்பாங்க. என்னைக் கேக்காம எவ டியூப்ப மாட்டினா? கழட்டிட்டு எறங்கச் சொல்லு, உன் பொண்டாட்டியையும் சேத்துத்தான்" என்றார். சொன்னேன். ஒருத்தியும் கழற்றவில்லை. கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டு பூட்ஸ் போட்ட நாளிலிருந்து தினமும் வரப்பில் வந்து உட்காருகிற உன் அம்மாவைச் சுற்றி அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல சித்திரை வெயில். பாத்தி முழுக்க உப்பு விளைந்து நின்றது, வார ஆளில்லை.

பிரம்மதேசம் போய் வயல்வேலை ஆட்களைக் கூட்டிவரச் சொல்லி டிராக்டர் கொடுத்தார். போனேன். இதை உன்னிடம் மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, அது என் வேலை. உன் அத்தை வீட்டு வாசலில் வைத்துத்தான் பேசினேன். அறுப்பு முடிந்து சும்மா இருந்த பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கேட்டாள், "ஏம்பா, உங்க வூட்டம்மா எறங்கலயாமே. அவங்க எறங்காத தண்ணியில நாங்க எதுக்கு எறங்கணும்?" உன் அத்தை என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். அவள், "எங்க அண்ணி சும்மா உக்கார்ற ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காலி டிராக்டரோடு திரும்பினேன். சிவஞானம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார், "பொண்டாட்டிய எறக்க முடியல, நீயெல்லாம் இன்னாய்யா மேஸ்திரி?"

"அவ கால் வெந்துபோய் இருக்குது. வெந்த கால எறக்கி விடறதுதான் மேஸ்திரி வேலைன்னா, அது எனக்கு வேணாங்க" என்றேன்.

"வேணான்னா போ. நாளைக்கே வேற ஆளு வருவான்."

"வரட்டுங்க. அவனையும் இவங்க கழட்டிடுவாங்க."

இது என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. பெண்கள் யாரும் சிரிக்கவில்லை, கை தட்டவுமில்லை. அமுதவல்லி மட்டும் கொஞ்சம் நகர்ந்து வரப்பில் இடம் விட்டாள். நான் உட்காரவில்லை. வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன்.

நீ எழுதியதற்காக இதைச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அம்மா காலைப் பார்த்ததற்காகச் செய்தேன்.

இருசப்பன்


கடலில்
20 ஜூன் 2006

அப்பா,

எனக்காகச் செய்யவில்லை என்பது நல்லதுதான். எனக்காகச் செய்திருந்தால் நான் வந்து நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் இரண்டு கடிதங்களையும் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா பூட்ஸோடு வரப்பில் உட்கார்ந்திருந்த இடம் வந்தபோது, இஸ்திரி மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சூப்பர்வைசர் ஏன் நிறுத்தினீர்கள் என்றார். "எங்கள் வீட்டுச் சமாசாரம்" என்றேன். "வேலை நேரத்தில் வீட்டுச் சமாசாரமா?" என்றார். "ஆமாம்" என்றேன். போய்விட்டார்.

உடனே கிளம்பி வந்து உங்களோடு நிற்க வேண்டும் என்று ஒரு ராத்திரி நினைத்தேன். காலையில் அந்த எண்ணம் போய்விட்டது. அங்கே நிற்க ஆட்கள் இருக்கிறார்கள். இந்த இடத்துக்கு நான் சண்டை போட்டு வந்தேன், விடமாட்டேன். அடுத்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொங்கலுக்கு வருவேனா என்று கேட்டு எழுதாதீர்கள்.

இப்போது என்ன ஆயிற்று என்று மட்டும் எழுதுங்கள். அம்மாவுக்கு என்ன வேலை? உங்களுக்கு என்ன வேலை? ஜான்சன் ஊரிலிருந்து மும்பைக்கு வந்து மறுபடியும் கப்பலேறுகிறார், அவரிடம் கொடுத்தால் சீக்கிரம் வந்து சேரும்.

சந்தியா


மரக்காணம்
16 ஜூலை 2006

சந்தியாவுக்கு,

பொங்கலுக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. உன் அம்மா கேட்கச் சொன்னாள், நான் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நடந்ததை எழுதுகிறேன். புது மேஸ்திரி வந்தான், சிவஞானத்தின் சகலை முருகையன். ஆளில்லாத உப்பளத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றான். ஒருநாள் மத்தியானம் மேற்கே மேகம் கட்டியது. அந்த மழை இறங்கினால் விளைந்த உப்பெல்லாம் தண்ணீராய்ப் போகும். சிவஞானம் தெருவுக்கே வந்துவிட்டார். டியூப் போட்டுக்கொண்டே இறங்கலாம், இனிமேல் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை என்றார். ஆனால் உன் அம்மா மட்டும் தன் வரப்பில் கால் வைக்கக்கூடாது, நானும் வரக்கூடாது என்றார்.

பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "தையல்நாயகியக்கா இல்லாம நாங்க வரமாட்டோம்" என்று அமுதவல்லி சொல்லிவிட்டாள். உன் அம்மாதான் எழுந்து வந்தாள். "போங்கடி. எறங்கற கால் வேவக்கூடாதுன்னுதான உக்காந்தோம். அத ஒத்துக்கினாரு. என் கால நான் ஆற வெச்சிக்கறேன்" என்றாள். அப்புறம் சிவஞானத்தைப் பார்த்து, "உங்க வரப்பு உங்களுக்கே இருக்கட்டுங்க" என்றாள். அவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டே வண்டி ஏறினார். அன்று இருட்டுவதற்குள் பாதிக்குமேல் வாரிக் கரையேற்றிவிட்டார்கள். மீதி மழையில் போனது.

உன் அம்மா இப்போது ஹபீப் முஹம்மது கடையில் டியூப் வெட்டி ஒட்டுகிறாள். பக்கத்து உப்பளத்துப் பெண்களெல்லாம் வந்து கால் அளவு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவள் காலைத் தரையில் வைக்காமல் ஸ்டூல்மேல் வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள். புண்ணின் ஓரம் சிவந்து தோல் பிடிக்கிறது. நான் தினமும் பார்க்கிறேன். அவள் கேட்காமலேயே காட்டுகிறாள்.

நான் கழுவெளி ஏரிப் பக்கம் இன்னொருவருடைய உப்பளத்தில் வாருகிறேன். மேஸ்திரியாக இல்லை, கூலி ஆளாக. இந்த வயதில் இப்படி இறங்கிவிட்டானே என்று சிலர் பேசுகிறார்கள், காதில் விழுகிறது. பேசட்டும். முதல் நாள் உன் அம்மா மடித்துக் கொடுத்த டியூபை வரப்பில் வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினேன். பக்கத்தில் வாரிக்கொண்டிருந்தவள், "இன்னா பெரியவரே, டியூப் இருக்குதுல்ல?" என்றாள். "இருக்கட்டும்மா" என்றேன். கஞ்சி நேரத்துக்குள் விரல் இடுக்கெல்லாம் நெருப்பு வைத்த மாதிரி ஆகிவிட்டது. கரையேறி உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரப்பில் நின்று எத்தனை பேரை இறக்கிவிட்டிருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து போட்டுக்கொள்கிறேன்.

கால் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தது. இப்போது கண். உச்சி வெயிலில் உப்பின் வெளிச்சம் கண்ணுக்குள் ஊசி மாதிரி இறங்குகிறது. சாயந்திரம் வீட்டுக்குப் போனால் உன் அம்மாவின் முகம் வெள்ளையாகத்தான் தெரிகிறது. இங்கே வாருகிறவர்களுக்கெல்லாம் அப்படித்தானாம், இதுவரை என்னிடம் ஒருத்தரும் சொன்னதில்லை. இதற்கு என்ன செய்வது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை.

உன் கப்பல் அடுத்து நிற்கிற ஊரில் உப்பு இருந்தால் இறங்கிப் பார். அங்கே கண்ணுக்கு என்ன போடுகிறார்கள் என்று கேள். மேஸ்திரி யார் என்று உன்னைக் கேட்டால், இப்போது எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று சொல். கேட்டதை எல்லாம் விவரமாக எழுது. பெயர் போட்டு அமுதவல்லிக்கே அனுப்பு. அவள் படிக்கட்டும், நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து கேட்கிறோம்.

அப்பா
இருசப்பன்